போர்ச்சுகலில் பாலின, பன்முகத்தன்மை ஆய்வு: பெண்கள் நிறைய இருக்கிறார்கள், அதிகாரம் யாரிடம்?

யாழினி_மதுரை:

வணக்கம். லிஸ்பனில் நிறுவனச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகங்களிலும் கம்பெனிகளிலும் பாலினமும் பன்முகத்தன்மையும் எப்படிக் கையாளப்படுகின்றன என்பதுதான் தலைப்பு. போர்ச்சுகல் பற்றிப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆய்வாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் பெண். போர்ச்சுகலில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். முனைவர் பட்டம் வாங்குபவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். ஜெர்மனியையும் நெதர்லாந்தையும்விட நல்ல நிலை. ஆனால் அந்த நாட்டுப் பாலின ஆய்வாளர்கள் எழுதுவதைப் படித்தால் யாரும் திருப்தியாக இருப்பதாகத் தெரியவில்லை. 'கட்டெட்ராட்டிகோ' என்ற உச்சப் பேராசிரியர் பதவியில் பெண்களின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டவில்லை என்கிறார்கள். பாலின ஆய்வையே பல்கலைக்கழகங்கள் ஓரத்தில்தான் வைத்திருக்கின்றன என்கிறார்கள்.

இவ்வளவு பெண்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? வந்த பிறகு மேலே போவதை எது தடுக்கிறது? அங்கே வேலை பார்த்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

மொண்டேகோகரை:

யாழினி, நல்ல கேள்வி. கொயிம்ப்ராவில் பல வருஷமாக ஆய்வாளராக இருக்கிறேன், நிரந்தர வேலை இன்னும் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சர்வாதிகாரி சலசாரின் காலத்தைப் பார்க்க வேண்டும். 1933 அரசியலமைப்பு எல்லாரும் சமம் என்று சொல்லிவிட்டு, பெண்களுக்கு மட்டும் 'இயல்பின் வேறுபாடும் குடும்ப நலனும்' என்று விதிவிலக்கு வைத்தது. 1936 ஆணைப்படி ஆரம்பப் பள்ளி ஆசிரியை கல்யாணம் செய்ய அமைச்சரகத்தின் அனுமதி வேண்டும். மாப்பிள்ளையின் வருமானத்தைக்கூடப் பார்ப்பார்கள். மருத்துவமனை நர்சுகள் 1963 வரை கல்யாணமே செய்ய முடியாது. நீதிபதி வேலையும் தூதரகப் பணியும் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த 1974 புரட்சிக்குப் பிறகுதான் பெண்களுக்குத் திறந்தன. 1970 கணக்கெடுப்பில் நாட்டில் நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண்களிடையே அது இன்னும் அதிகம்.

இப்படிப்பட்ட நாட்டில் பெண்கள் எப்படி வேலைக்கு வந்தார்கள்? விடுதலைச் சிந்தனை கொண்டுவரவில்லை, ஆள் பற்றாக்குறைதான் கொண்டுவந்தது. 1961 முதல் 1974 வரை ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலா, கினியா-பிசாவு, மொசாம்பிக் மூன்றிலும் போர். இளைஞர்கள் அங்கே போனார்கள். அதே காலத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போனார்கள். ஊரில் மிஞ்சிய வேலைகளைப் பெண்கள் செய்தார்கள். கூலி மிகக் குறைவு என்பதால் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடாது, அதனால் அரைநாள் வேலை என்ற வழக்கமே பெரிதாக வளரவில்லை. இன்றும் நெதர்லாந்தில் வேலை பார்க்கும் பெண்களில் பெரும்பாலோர் அரைநாள் வேலைதான். போர்ச்சுகலில் பெரும்பாலோர் முழுநாள்.

அறிவியல் துறைக்கு வருவோம். போர்ச்சுகலின் ஆய்வு அமைப்பு மிகத் தாமதமாகக் கட்டப்பட்டது. 1986-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகு பணம் வந்தது. 1995-ல் அறிவியல் அமைச்சரான மரியானோ காகோ முனைவர் பட்ட உதவித்தொகைகளை அள்ளிக் கொடுத்தார். அந்த நேரத்தில் பல்கலைக்கழகங்களில் பெண்கள் ஏற்கனவே பெரும்பான்மை. கதவு திறந்தபோது வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தக் கதவு உதவித்தொகைக்குத்தான் போனது, வேலைக்குப் போகவில்லை. 'போல்செய்ரோ', அதாவது உதவித்தொகையில் வாழும் ஆய்வாளர், சட்டப்படி பல காலம் தொழிலாளியே கிடையாது. நீங்கள் பார்த்த அந்த நாற்பதுக்கு மேற்பட்ட சதவீதத்தில் இவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பாருங்கள். என் பார்வையில் உங்கள் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

செந்தில்_போர்ட்டோ:

இங்கே போர்ட்டோவில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன். மொண்டேகோகரை சொன்ன வரலாறு சரி. ஆனால் பதவி விஷயத்தில் காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாமா? இன்று கட்டெட்ராட்டிகோவாக இருப்பவர்கள் முப்பது வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தவர்கள். அப்போது பெண்கள் குறைவு. இப்போது முனைவர் பட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள் என்றால் இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் மேலேயும் அப்படித்தானே ஆகும்? நீதித்துறையில் அதுதான் நடந்தது. 1974 வரை ஒரு பெண் நீதிபதியும் இல்லை, இன்று நீதிபதிகளில் பெரும்பான்மை பெண்கள்.

மொண்டேகோகரை:

> இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் மேலேயும் அப்படித்தானே ஆகும்?

செந்தில், நீதித்துறை நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. நீதிபதி வேலைக்கு நாடு முழுவதற்கும் பொதுவான போட்டித் தேர்வு, அப்புறம் ஒரே பயிற்சி மையம். உள்ளே நுழைய யாருடைய தயவும் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் பதவி திறப்பதே துறையின் மூத்த பேராசிரியர்கள் கையில். யாரை மனதில் வைத்து விளம்பரம் எழுதப்படுகிறது என்று துறையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பொதுப் பல்கலைக்கழகங்களின் நிரந்தர ஆசிரியர்களில் பெரும்பாலோர் தாங்கள் பாடம் நடத்தும் அதே இடத்தில் பட்டம் வாங்கியவர்கள். அமைச்சகத்தின் புள்ளிவிவர இயக்ககமே இதை ஆய்ந்து வெளியிட்டிருக்கிறது.

காலம் தானாகச் சரிசெய்யும் என்பதற்கு எதிராக ஒருவரைச் சொல்கிறேன். பிராங்கா எட்மே மார்க்கிஸ். லிஸ்பன் வேதியியலாளர். 1931 முதல் பாரிஸில் மேரி கியூரியின் ஆய்வகத்தில் வேலை செய்து 1935-ல் முனைவர் பட்டம் வாங்கியவர். லிஸ்பனுக்குத் திரும்பிக் கதிரியக்க வேதியியல் ஆய்வகத்தை எழுப்பினார். அவருக்கு உச்சப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1966-ல். முப்பது வருஷத்துக்கும் மேல். அவரிடம் தகுதியோ அனுபவமோ குறைவாக இருந்ததா என்ன?

அதற்கும் முன்னால் டொமிட்டிலா டி கார்வாலியோ. 1891-ல் கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் சேர அனுமதி கொடுத்தபோது, கவனத்தை ஈர்க்காதபடி கறுப்பு உடையில் எளிமையாக வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கணிதம், தத்துவம், மருத்துவம் மூன்றிலும் பட்டம் வாங்கினார். 1290-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. இன்றுவரை அதற்கு ஒரு பெண் ரெக்டர், அதாவது பல்கலைக்கழகத் தலைவர், வந்ததில்லை. மற்ற இடங்களில் வந்திருக்கிறார்கள். அவெய்ரோவில் மரியா ஹெலினா நசரே, லிஸ்பனின் இஸ்க்டே பல்கலைக்கழகத்தில் மரியா டி லூர்திஸ் ரொட்ரிகிஸ். கடைசியாகச் சொன்னவர் சமூகவியலாளர், கல்வி அமைச்சராக இருந்தவர். உயிரியல் ஆய்வு நிலையங்களில் பெண்கள் தலைமை தாங்குவது சாதாரணமாகிவிட்டது. பழைய பல்கலைக்கழகங்களின் சட்டம், பொறியியல், மருத்துவப் பிரிவுகளில்தான் நிலைமை மெதுவாக அசைகிறது.

கயல்விழி88:

டொமிட்டிலா பற்றி இன்னொன்று சேர்க்கிறேன். அதே டொமிட்டிலா 1934 தேர்தலில் சலசாரின் பட்டியலில் நாடாளுமன்றத்துக்குப் போன முதல் மூன்று பெண்களில் ஒருவர். பெண்ணுக்குப் பதவி வந்தால் பெண்களுக்கு உரிமை வரும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஆய்வாளர்கள் தலைகளை எண்ணுவதோடு நிற்காமல், அந்தப் பதவியை யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்பது இதனால்தான்.

மீனா_லிஸ்பன்:

நான் தொழிலாளர் சட்டம், மனிதவளம் பக்கம். யாழினியின் கேள்வியில் கம்பெனிகளும் இருப்பதால் சட்டங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சமத்துவத்துக்கான ஆணையம் 1979-லேயே வந்துவிட்டது. போர்ச்சுகலின் ஒரே பெண் பிரதமரான மரியா டி லூர்திஸ் பின்டசில்கோ பதவியேற்றதும் அதே வருஷம்தான். வேதிப் பொறியாளர் அவர். 2006 சட்டம் தேர்தல் பட்டியல்களில் ஒவ்வொரு பாலினத்துக்கும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு என்றது, 2019-ல் அது 40 சதவீதமானது. 2017-ன் 62ஆம் எண் சட்டம் கம்பெனி போர்டுகளுக்கு. அரசு நிறுவனங்களில் 2018 முதல் மூன்றில் ஒரு பங்கு. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் 2018-ல் 20 சதவீதம், 2020-ல் மூன்றில் ஒரு பங்கு. 2018-ல் சம ஊதியச் சட்டம். 2019-ன் 26ஆம் எண் சட்டம் அரசு நிர்வாகத்தின் மேல் பதவிகளுக்கும் பொதுப் பல்கலைக்கழகங்களின் நிர்வாகக் குழுக்களுக்கும் 40 சதவீதம் வைத்தது.

செந்தில், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். 2010 வாக்கில் பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களின் போர்டுகளில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். புரட்சி முடிந்து முப்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது. காலம் செய்தது அவ்வளவுதான். சட்டம் வந்த சில வருஷங்களில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டது. இந்தச் சட்டம் எப்படி வந்தது, கம்பெனிகள் எப்படி எடுத்துக்கொண்டன என்பதையெல்லாம் இசெக் பொருளியல் பள்ளியின் சாரா ஃபல்காவ் கசாக்காவும் அவருடைய குழுவும் ஆழமாக ஆய்ந்திருக்கிறார்கள். கட்டாயம் படியுங்கள் யாழினி.

ஆனால் போர்டுக்குள் போய்ப் பாருங்கள். வந்த பெண்களில் பெரும்பாலோர் செயல்பொறுப்பு இல்லாத இயக்குநர்கள். தணிக்கைக் குழு, நிலைத்தன்மைக் குழு இப்படி. அன்றாடம் கம்பெனியை நடத்தும் செயற்குழுவில் இன்னும் ஆண்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். சட்டம் போர்டின் மொத்த எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது, அதற்குள் எந்த நாற்காலி என்று பார்ப்பதில்லை.

செந்தில்_போர்ட்டோ:

மீனா, ஐந்து சதவீதக் கணக்கு வலுவானதுதான். சட்டம் இல்லாமல் அது நகர்ந்திருக்காது என்று எனக்கும் படுகிறது. ஆனால் சட்டம் இவ்வளவு இருந்தும் ஆபீஸ் பழக்கம் மாறவில்லை என்றால், இன்னொரு சட்டத்தால் என்ன ஆகும்? என் அணியில் கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். ஆறு மணிக்கு எழுந்து போகிறவர் ஈடுபாடு இல்லாதவர் என்று பேச்சு. யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டியவர் ஒவ்வொரு நாளும் தோற்கிறார்.

மீனா_லிஸ்பன்:

அதைத்தான் நேரப் பயன்பாட்டு ஆய்வு அளந்தது. செசிஸ் என்ற ஆய்வு மையத்தில் எலோய்சா பெரிஷ்டாவின் தலைமையில் 2016-ல் வெளிவந்தது. சம்பளமில்லாத வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் ஆண்களைவிட ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகச் செலவிடுகிறார்கள். சமையல், துணி, வீடு, பிள்ளை, வயதான பெற்றோர். வெளிவேலையும் முழுநாள் என்பதை மறக்காதீர்கள். வடக்கு ஐரோப்பாவில் அரைநாள் வேலை எடுத்துச் சமாளிக்கிறார்கள். இங்கே இரண்டும் முழுசாக.

பாரிஸ்_ரவி:

நான் பாரிஸிலை இருக்கிற ஈழத்தமிழன். இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வந்தனான். ஒரு விஷயம் விடுபட்டுப் போச்சு.

நாங்கள் எண்பதுகளில் இங்கே வந்தபோது, அடுக்குமாடிக் கட்டடங்களின் காவல் பெண்மணிகள் கனபேர் போர்ச்சுகல்காரர். படிக்கட்டுத் துடைப்பது, குப்பை எடுப்பது, கடிதம் கொடுப்பது, அப்புறம் மேல்மாடி வீடுகளில் வேலை. எங்கட ஆட்களுக்கு அறை தேடித் தந்ததும் அவர்களில் சிலர்தான். நீங்கள் எழுதுற பேராசிரியர், போர்டு உறுப்பினர் எல்லாம் சரி. இந்தப் பெண்கள் எந்த ஆய்வில் வருகிறார்கள்? இப்போ லிஸ்பனில் அதே துடைப்பத்தைப் பிடிக்கிறது யார்? கேப் வெர்டே, பிரேசில், சாவோ டோமே பெண்கள். விடியக்காலையில் லிஸ்பனுக்கு வரும் முதல் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும். பல்கலைக்கழக அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்குறதும் அவர்கள்தான், ஆனால் ஒப்பந்தக் கம்பெனியின் ஆட்கள் என்றபடியால் பல்கலைக்கழகத்தின் சமத்துவக் கணக்கில் வரமாட்டார்கள்.

மொண்டேகோகரை:

ரவி அண்ணா, இந்த இழையில் மிக முக்கியமான பதிவு இது. பன்முகத்தன்மை என்று யாழினி சொன்ன வார்த்தையை நாங்கள் யாரும் தொடவே இல்லை.

போர்ச்சுகலில் இன வேறுபாட்டை ஆய்வதில் உள்ள பெரிய சிக்கல், எண்ணவே விடமாட்டார்கள். 2021 கணக்கெடுப்பில் இனப் பின்னணி பற்றி ஒரு கேள்வி வேண்டும் என்று அரசு அமைத்த பணிக்குழுவில் பெரும்பான்மையோர் பரிந்துரைத்தார்கள். கறுப்பினச் சங்கங்களும் பல வருஷம் கேட்டன. 2019-ல் தேசியப் புள்ளிவிவர நிறுவனம் முடியாது என்று சொல்லிவிட்டது. குடியுரிமையை வைத்து மட்டும்தான் எண்ண முடியும் என்றால், லிஸ்பனில் பிறந்து போர்ச்சுகீசியக் குடியுரிமை வாங்கிய கறுப்பினப் பெண் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறாள்.

பிறகு அதே நிறுவனம் தனி மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தி 2023 டிசம்பரில் வெளியிட்டது. 18 முதல் 74 வயதுவரை. பாகுபாட்டை அனுபவித்தோம் என்று சொன்னவர்கள் மொத்தத்தில் 16 சதவீதம். கறுப்பினத்தவரில் 44 சதவீதம். ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்களில் பாதிக்கும் மேல். இவ்வளவு காலமும் 'எங்கள் நாட்டில் இனவாதம் கிடையாது' என்று சொல்லிவந்தவர்களுக்கு அரசு எண்ணிலேயே பதில் வந்தது.

அந்த நம்பிக்கை தானாக வந்ததும் இல்லை. பிரேசில் சமூகவியலாளர் ஜில்பர்ட்டோ ஃப்ரெய்ரேயின் எழுத்திலிருந்து எடுத்து, போர்ச்சுகீசியர்கள் வெப்பமண்டல மக்களோடு இயல்பாகக் கலந்து வாழ்ந்தவர்கள் என்ற கதையை ஐம்பதுகளில் சலசார் அரசு உலகுக்குச் சொன்னது. காலனிகளை வைத்திருக்க அதுதான் நியாயம். காலனிகள் போன பிறகும் கதை போகவில்லை. கிறிஸ்டினா ரொல்டாவ் போன்ற சமூகவியலாளர்கள் பள்ளிகளை ஆய்ந்து, ஆப்பிரிக்கப் பின்னணி மாணவர்கள் அதிக அளவில் தொழிற்கல்விப் பிரிவுக்குத் திருப்பப்படுகிறார்கள், பல்கலைக்கழகத்தை எட்டுவது குறைவு என்று காட்டியிருக்கிறார்கள். பல்கலைக்கழக ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்று சொல்ல ஒரு அரசுப் பட்டியலும் கிடையாது.

கயல்விழி88:

கம்பெனிகளில் 2016 முதல் பன்முகத்தன்மைச் சாசனம் ஒன்று இருக்கிறது. விருப்பமுள்ள நிறுவனங்கள் கையெழுத்திடும். 75 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1 அல்லது 2 சதவீத வேலை என்ற சட்டம் 2019-ல் வந்தது. ஒன்று விருப்பம், மற்றது கட்டாயம். இன வேறுபாட்டுக்கு இரண்டாவது வகையில் எதுவும் இல்லை. எண்ணாததற்கு எப்படி இலக்கு வைப்பது?

பாலியல் சார்பு விஷயத்தில் போர்ச்சுகலைப் பாராட்டத்தான் வேண்டும். 2004-லேயே அரசியலமைப்பின் 13ஆம் பிரிவில் பாலியல் சார்பைச் சேர்த்தார்கள். 2010-ல் ஒரே பாலினத் திருமணம். 2018-ல் பாலின அடையாளத்தைத் தானே தீர்மானிக்கும் சட்டம், மருத்துவச் சான்றிதழ் கேட்காமல். இந்த மாற்றங்களுக்குப் பின்னால் ஆய்வாளர்களும் இயக்கத்தினரும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். போர்ட்டோவில் கான்செய்சாவ் நொகெய்ராவின் உளவியல் குழு அதில் ஒன்று. சாதி, வர்க்கம், பாலினம் எல்லாம் ஒரே ஆளின் மேல் எப்படிச் சேர்ந்து விழுகின்றன என்று யோசித்துப் பழகிய நமக்கு அவருடைய எழுத்துகள் அந்நியமாகத் தெரியாது.

யாழினி_மதுரை:

இவ்வளவு எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. ரவி அண்ணா கேட்ட கேள்வியை என் ஆய்வுத் திட்டத்திலேயே சேர்க்கப் போகிறேன். இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பாலின ஆய்வுக்கென்று அங்கே தனித் துறைகள் இருக்கின்றனவா? அப்புறம், கேட்கத் தயக்கமாக இருக்கிறது, கொயிம்ப்ராவில் 2023-ல் வெடித்த விவகாரம். நான் வரப்போகும் உலகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மொண்டேகோகரை:

தயங்க வேண்டாம். முதல் கேள்விக்கு முதலில்.

தனித் துறை என்று பார்த்தால் மிகக் குறைவு. பெண்கள் பற்றிய ஆய்வுகளுக்கான போர்ச்சுகீசியச் சங்கம் 1991-ல் தொடங்கியது. 1995-ல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பெண்கள் ஆய்வில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. சங்கத்தின் இதழ் 'எக்ஸ் ஈகுவோ' 1999 முதல் வருகிறது. இன்று லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் இருக்கும், பாலின ஆய்வுக்கென்றே உள்ள தனி மையம் 2012-ல்தான் வந்தது, சமூகவியலாளர் அனாலியா டோரஸின் முன்முயற்சியில். மற்றபடி உளவியல், சமூகவியல், வரலாறு என்று ஒவ்வொரு துறையிலும் ஒருவர் இருவர். அவர் ஓய்வு பெற்றால் பாடமும் ஓய்வு பெற்றுவிடும்.

கோட்பாட்டுப் பக்கம் லீஜியா அமான்சியோவைப் படிக்காமல் வராதீர்கள். இஸ்க்டேயின் சமூக உளவியலாளர். அவருடைய ஆய்வுகள் காட்டியது இது: ஆணுக்குச் சொல்லப்படும் குணங்கள் 'மனிதர்' என்பவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் குணங்களோடு ஒன்றிப்போகின்றன. பெண்ணுக்குச் சொல்லப்படுபவை பெண்ணுக்கு மட்டும், குடும்பச் சூழலுக்கு மட்டும். அதனால் தலைமைப் பதவியில் ஒரு ஆண் வெறும் தலைவர், ஒரு பெண் எப்போதும் பெண் தலைவர். செந்தில் சொன்ன ஆறு மணிக் கூட்டத்தை இதோடு வைத்துப் பாருங்கள். 'ஈடுபாடுள்ள ஊழியர்' என்று அங்கே மனதில் இருப்பது வீட்டில் யாரோ ஒருத்தி எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆண்.

இனி இரண்டாவது. 2023-ல் மூன்று பெண் ஆய்வாளர்கள் கல்வித்துறைப் பாலியல் அத்துமீறல் பற்றிய ஆங்கில நூலில் ஒரு அத்தியாயம் எழுதினார்கள். நிறுவனத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ அதில் இல்லை. ஆனால் கொயிம்ப்ராவின் சமூக ஆய்வு மையம்தான் என்று எல்லாருக்கும் புரிந்தது. சுவர்களில் யாரோ எழுதிய வாசகங்களிலிருந்து தொடங்கும் கதை. உலகப் புகழ் பெற்ற ஒரு பேராசிரியர் மீது குற்றச்சாட்டு வந்தது. அவர் மறுத்தார். வழக்கு மிரட்டலுக்குப் பின் பதிப்பகம் நூலையே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. மையம் அமைத்த சுயாதீன ஆணையம் 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. 30க்கும் மேற்பட்டோர் புகார் சொல்லியிருந்தார்கள். அதிகார துஷ்பிரயோகத்துக்கும் துன்புறுத்தலுக்கும் அடையாளங்கள் இருப்பதாக ஆணையம் சொன்னது. மையம் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

இதில் எனக்கு மிகவும் வலித்தது, அந்த மையம் ஒடுக்கப்பட்டவர்களின் அறிவைப் பற்றி, அதிகாரத்தைப் பற்றிப் பேசியே உலகப் பெயர் எடுத்தது என்பதுதான். நாட்டின் பெண்ணிய ஆய்வுகளில் ஒரு பகுதி அங்கேதான் வளர்ந்தது. விர்ஜினியா ஃபெரெய்ரா போன்றவர்கள் அங்கே இருந்துதான், சட்டத்தில் முன்னேறிய நாட்டில் இயக்கம் ஏன் பலவீனமாக இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு இளம் ஆய்வாளரின் உதவித்தொகை, அடுத்த ப்ராஜெக்ட், சிபாரிசுக் கடிதம், அயல்நாட்டவர் என்றால் விசாவும்கூட, எல்லாம் ஒரே மனிதரின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் அவர் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? பாலினத்தை ஆய்பவரும் அதே கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து போர்ச்சுகீசியக் கல்வி உலகின் முதல் பிரச்சினை இதுதான். சதவீதம் எல்லாம் அப்புறம்.

மீனா_லிஸ்பன்:

இது ஒரு மையத்தின் விஷயம் மட்டும் இல்லை. 2022-ல் லிஸ்பன் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவில் புகார் பெட்டி ஒன்றைத் திறந்தார்கள். 11 நாட்களில் 50 புகார். சட்டம் சொல்லிக்கொடுக்கும் இடம்.

வேலையிடங்களைப் பற்றி நாடளாவிய ஆய்வை அனாலியா டோரஸின் குழு சமத்துவ ஆணையத்துக்காக நடத்தி 2016-ல் வெளியிட்டது. பெண்களில் 14.4 சதவீதமும் ஆண்களில் 8.6 சதவீதமும் வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஆய்வு வந்த அடுத்த வருஷம், 2017-ல், ஏழு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எல்லா நிறுவனங்களும் துன்புறுத்தலுக்கு எதிரான நடத்தை விதிகளை எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. பாலின ஆய்வால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

செந்தில்_போர்ட்டோ:

இப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் சமத்துவத் திட்டம் என்று ஒரு ஆவணம் இருக்கிறதே? ஐரோப்பிய ஆய்வு நிதி வாங்க அது கட்டாயம் என்று கேள்விப்பட்டேன். அதனால் மாற்றம் இல்லையா?

மீனா_லிஸ்பன்:

ஆமாம், ஹொரைசன் யூரோப் என்ற அந்த ஐரோப்பிய ஆய்வு நிதிக்கு 2022 முதல் பல்கலைக்கழகங்களும் பொது ஆய்வு நிறுவனங்களும் அதை வைத்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் அதைத் தயாரிக்க நானும் உதவினேன், பெயர் வேண்டாம். குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். பாதிப் பேர் ஒப்பந்த ஆய்வாளர்கள். தரவு சேகரித்தது, கூட்டம் நடத்தியது, எழுதியது எல்லாம் அவர்கள். பதவி உயர்வு மதிப்பீட்டில் அந்த வேலைக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. அதே மாதங்களில் ஆண் சகாக்கள் கட்டுரை எழுதி அனுப்பினார்கள். மதிப்பீட்டில் எண்ணப்படுவது அதுதான்.

ஆனாலும் பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு பதவி நிலையிலும் பெண்கள் எத்தனை, தேர்வுக் குழுக்களில் எத்தனை என்று முதல்முறையாக எழுத்தில் வந்தது. முன்பு கேட்டால் தனிநபர் தகவல் என்பார்கள்.

கயல்விழி88:

இன்றைய அரசியலையும் யாழினி மனதில் வைக்க வேண்டும். பாலினச் சமத்துவப் பேச்சை 'பாலினச் சித்தாந்தம்' என்று எதிர்த்தே ஓட்டுக் கேட்கும் கட்சி நாடாளுமன்றத்தில் இன்று பெரிய சக்தி. 2025-ல் பள்ளிகளின் குடியுரிமைக் கல்விப் பாடத்தைத் திருத்தியபோது பாலியல் கல்விப் பகுதி சுருங்கியதாக ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். நிதி முழுக்கக் குறுகிய கால ப்ராஜெக்டில் நிற்கும் துறைக்கு இப்படிப்பட்ட காற்று சீக்கிரம் தட்டும்.

யாழினி_மதுரை:

சரி, மொண்டேகோகரை அக்கா, நேரடியாகவே கேட்கிறேன். இதெல்லாம் தெரிந்த பிறகு, ஒரு இடத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் நான் என்ன விசாரிக்க வேண்டும்?

மொண்டேகோகரை:

முதலில், உதவித்தொகை யார் பெயரில். அரசின் ஆய்வு நிதி அமைப்பு நடத்தும் போட்டியில் நீங்களே வென்றால் அது உங்களுடையது, வழிகாட்டியை மாற்றினாலும் உங்களோடு வரும். ப்ராஜெக்டிலிருந்து வந்தால் ப்ராஜெக்ட் தலைவரோடு கட்டுண்டது. முடிந்தவரை முதல் வகைக்கு முயலுங்கள், ஒரு வருஷம் தாமதமானாலும் பரவாயில்லை.

வழிகாட்டி இருவர் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாமவர் வேறு பல்கலைக்கழகத்தில். அந்தப் பேராசிரியரிடம் ஏற்கனவே படித்தவர்கள், குறிப்பாக பாதியில் விட்டுப் போனவர்கள், இருவரிடமாவது தனியாகப் பேசுங்கள். புகார் கொடுத்தால் அது யாரிடம் போகும், துறைக்கு வெளியே ஒரு ஆள் இருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

போர்ச்சுகீசிய மொழி கற்றே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் நேர்காணல் செய்தால் இயக்குநர்கள்தான் பேசுவார்கள், ரவி அண்ணா சொன்ன பெண்கள் பேசமாட்டார்கள். லிஸ்பனில் இலவச வகுப்புகள் இருக்கின்றன, வந்ததும் சேர்ந்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ஆய்வுக் களமாக ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களை எழுதப் போகிறீர்கள் என்றால் வரைவைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நுழைவு அனுமதி கேட்க வேண்டியது பல்கலைக்கழகத்திடமா ஒப்பந்தக் கம்பெனியிடமா என்பதில் நிறையப் பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடலாம்.

பாரிஸ்_ரவி:

தங்கச்சி, எனக்குத் தெரிஞ்ச ஒரு போர்ச்சுகல்கார அம்மா முப்பது வருஷம் பாரிஸிலை கட்டடம் பார்த்துட்டு இப்போ ஊருக்குத் திரும்பியிட்டா. அவவின் மகள் லிஸ்பனிலை துப்புரவுத் தொழிலாளர் சங்கத்திலை இருக்கிறா. நீங்கள் அங்கே போனபிறகு எழுதுங்கோ, அவையிடம் கேட்டுப்போட்டுத் தொடர்பு ஏற்படுத்தித் தாறன்.